தங்க இடத்தோடு ஒரு வேலை

வெங்காயம் உரிக்கும்போது எதிரே ஒரு பேச்சுத்துணை இருந்தால் கண் எரிவதே தெரியாது. நீங்கள் சாயப்பட்டறைத் தொட்டியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரிகிறது ஐயா. ஆனால் விஷயம் என் சமையலறையில்தான் ஆரம்பித்தது.

பிழைப்புத் தேடி இந்த நாட்டுக்கு வரும் நம் பெண்களுக்கு நான் கட்டில் வாடகைக்கு விடுகிறேன். வருவார்கள், நல்ல வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போகும்போது எல்லோரும் "உங்கள மறக்கவே மாட்டேங்க்கா" என்பார்கள். பிறகு தெருவில் என்னைப் பார்த்தால், செருப்புக் கடைக் கண்ணாடியை வெகு அக்கறையாகப் பார்ப்பார்கள். குறை சொல்லவில்லை. ஆளுக்கொரு அவசரம்.

நீங்கள் கேட்டு வந்த இந்தப் பெண் வந்த அன்றே இவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்துவிட்டேன். கூடத்துக் கட்டில்காரி குறட்டை விடுவதை அப்படியே செய்துகாட்டுவாள். எதிர்வீட்டுக்காரர் மனைவிக்குத் தெரியாமல் மாடிப்படியில் நின்று சிகரெட் பிடிப்பதை வந்த வாரமே கண்டுபிடித்தாள். எனக்கே தெரியாத சங்கதி அது. "உங்களுக்குக் காதுதான்க்கா கூர்மை, கண்ணு சுமார்தான்" என்றாள். என்னைக் கிண்டல் செய்ய ஒரு ஆள் இல்லாமல் எத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஊரில் அவளுக்கு ஒரு சின்னப் பெண். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தங்க இடத்தோடு ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் குழந்தையை அழைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முடியாது. அதுவரை ஓட்டலில் பாத்திரம், கிடங்கில் பெட்டி ஒட்டுவது, யார் வீட்டிலோ தரை துடைப்பது. ஃபோனில் மகள், "எப்பம்மா என்னக் கூட்டிட்டுப் போவ?" என்பாள். "ரூம் கிடைச்சதும்டா செல்லம்" என்று சொல்லி வைத்துவிட்டு வருவாள். வந்ததும் என் கையிலிருந்து கத்தியை வாங்கி, மீதி வெங்காயத்தை அவளே உரிப்பாள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். வேலை கேட்கும் இடங்களில் பெண்கள் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அவர்களுக்கு இந்த ஊர்ப் பாஷை தடுமாறும். தடுமாறினால் முதலாளிகள் ஃபோனை வைத்துவிடுவார்கள். நான் அக்கா என்று சொல்லிப் பேசி முடித்துக் கொடுப்பேன்.

முதலில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அழைத்தார்கள். திங்கட்கிழமை வரட்டும், மாடியில் அறை இருக்கிறது, குழந்தை இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். பெரிய பொய் ஒன்றுமில்லை, அன்றைக்கு அவள் கிடங்கில்தானே இருந்தாள். வந்ததும், "யாராவது கூப்பிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"முதல்ல சாப்பிடு" என்றேன்.

அடுத்து ஒரு பள்ளி விடுதி. அப்புறம் ஒரு டாக்டர் வீடு. டாக்டரின் மனைவி விடாமல் துருவியதால், கை அவ்வளவு சுத்தமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கும் என்னைப் போலவே வாய் சும்மா இருக்காது போலிருக்கிறது. பேச்சு பரவி, ஓட்டலில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள், கிடங்கிலும் நிறுத்தினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு ராசியே இல்லக்கா. பேசாம ஊருக்கே போயிடறேன்" என்றாள்.

அதனால்தான் நானே போய்ச் சாயப்பட்டறை மேஸ்திரியிடம் பேசினேன். முன்பின் விசாரிக்காமல் ஆள் எடுக்கும் இடம். தெருமுனைதான், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். கீழ்வீட்டு டிரைவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: "அந்தத் தொட்டிய கழுவ ஆம்பளைங்களே இறங்க மாட்டேங்கிறாங்கக்கா. மூச்சு அடைக்குதாம். போன தடவ ஒருத்தன தூக்கிட்டு வந்துதான் வெளிய போட்டாங்க." கேட்டதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குப் போய்விடுவாள்.

சேர்ந்த வாரமே அவளைத் தொட்டியில் இறக்கினார்கள். அன்று மதியம் தட்டு வைத்துக் காத்திருந்தேன். மேஸ்திரிதான் வந்தான், மூச்சடைத்து அவள் போய்விட்டாள் என்று சொல்ல. கையில் நீலச் சாயம் அப்பியிருந்தது அவளுக்கு. ஈரத்துணியால் நானே துடைத்தேன். நக இடுக்கில் இருந்தது மட்டும் கடைசிவரை போகவில்லை. அந்த வாயை அப்படி மூடி நான் பார்த்ததே இல்லை.

மேஸ்திரியை மட்டும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது நியாயமாகத் தெரியவில்லை. இறக்கியது அவன். இறங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்தது நான்.

அவள் மாமியாரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர்களிடம் இருப்பதும் என் நம்பர்தான். நேற்றுக் குழந்தை கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அம்மா எங்க?"

"அம்மாவுக்குத் தங்க இடத்தோட வேலை கிடைச்சிருச்சுடா."

"அப்ப என்னக் கூப்பிட்டுக்குவாங்களா?"

"பின்ன?"

பாட்டியிடம் சொல்ல ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு, நிறுத்தாமல் பேச்சு. அப்படியே அம்மா வாய். நான் ஃபோனை வைக்கவேயில்லை.

அந்தக் குழந்தையை இங்கேயே வரவழைத்துவிடலாம் என்று நினைக்கிறேன் ஐயா. நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும். நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரி.