முகமில்லாத படகோட்டி

"படகை இவ்வளவு வடிவாக் கீறினவனுக்கு ஒரு மூஞ்சி கீற ஏலாமப் போச்சே!"

திருகோணமலையிலிருந்து குச்சவெளி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு மீனவர்கள், காலடியில் வலைச் சுருள். பேசியவர் மடியில் பத்திரிகை. அதிலிருந்த கேலிச்சித்திரம் எனக்கும் தெரிந்தது. வெள்ளத்தில் தவித்த சனத்தை ஒரு மீனவன் படகில் ஏற்றி வருகிறான். கரையில் ஓர் அரசியல்வாதி குடைக்குக் கீழ் நின்று கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருடைய பல்லைக்கூட எண்ணலாம். மீனவனின் முகம் மட்டும் வெறும் வெள்ளை.

"என்ர தம்பி லொறியில படகை ஏத்திக்கொண்டு போய் எத்தினை சனத்தைக் காப்பாத்தினவன். அவனுக்கு முகம் இல்லையாமோ?"

"முகத்தைக் கீறினா, நெத்தியில திருநீறோ தலையில தொப்பியோ எண்டுதான் சனம் முதல் பார்க்கும், அண்ணை. அண்டைக்குப் படகில ஏறின ஆக்கள் அதைப் பார்த்தவையோ?"

அவர் பத்திரிகையை மடித்தார். இறக்கக்கண்டியில் இறங்க எழுந்தவர், மடித்த பத்திரிகையை மறுபடி விரித்தார்.

"எஞ்சினைப் பிடிச்ச கையைப் பார். வலை இழுக்கேக்க தங்கூசி நூல் வெட்டின தழும்பையும் விடாமக் கீறியிருக்கிறான்."

பிறகு மெல்லச் சொன்னார்:

"தம்பியின்ர கைதான்."