பன்னிரண்டாவது மாடியில் ஒரு பூசணிப் பூ

கொம்தாரிலிருந்து கெலுகோர் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தவர் திடீரென்று கேட்ட கேள்வியில், காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“அக்கா, உங்க வீட்டுப் பூசணியில ஆண் பூ இருக்கா?”

“நெறைய இருக்கு. ஏன்?”

“என் கொடியில நாளைக்கு ஒரு பொண்ணு பூ விரியும். ஆண் பூவெல்லாம் முந்தியே கொட்டிருச்சு.”

“தேனீ எங்கயிருந்தாவது மகரந்தம் கொண்டு வருமே?”

“பன்னெண்டாவது மாடிக்குத் தேனீ எங்கக்கா வருது? நாமதான் ஆண் பூவ எடுத்துத் தடவி விடணும். மகன் பயோலஜி பாடத்த சத்தமா படிப்பான் லா. சமைச்சிக்கிட்டே கேட்டது.”

“அவன் இப்ப எங்க?”

“சிங்கப்பூர்ல வேல. வீட்டுல நான் மட்டும்தான்.”

அக்கா இறங்குவதற்கு மணியை அழுத்தினார். “காலையில பறிச்சிக் கொண்டாந்து, கீழ செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

“செக்யூரிட்டிகிட்ட வேணாம்க்கா, மேலயே வாங்க. சூடா தே கலக்கித் தர்றேன், குடிச்சிட்டுப் போலாம்.”

பஸ் நின்றது. அக்கா படியில் கால் வைத்தபோது இவர் எழுந்து நின்று சொன்னார்:

“பூ இல்லாட்டியும் வாங்கக்கா.”