வானம் பார்க்கிற ஆக்கள்

— ஒரு ஈ காக்காயையும் காணல்ல, சேர். அஞ்சி மணிக்கு மண்முனைப் பாலத்தடி எண்டு குறூப்புல பெரிய எழுத்துல போட்டன். எங்க ஆக்கள்?

— வருவாங்க, தங்கச்சி. நம்மட ஆக்களுக்கு அஞ்சு மணி எண்டா ஆறு மணி.

— நீங்க மண்டூரில இருந்து பாதைப் படகுல ஏறித் தண்ணியத் தாண்டி, பஸ் மாறி மாறி வந்திரிக்கீங்க. ஏறாவூரில இருந்து வாற முனாப் நானாக்கு என்ன வந்த? ஒரே நேர் ரோட்டு.

— உம்மா, நீங்க ரெண்டு பேரும் வானம் பார்க்க வந்தீங்களா, ரோட்டுப் பார்க்க வந்தீங்களா?

— நீ சும்மா இரி, நிஸ்றா. வாட்சப்புல பழகின ஆக்கள் மொத மொதல்ல நேரில சந்திக்கிற நாள் எண்டு, முழுக் குறூப்புக்கும் றோல்ஸ் பொரிச்சி எடுத்துக்கு வந்திரிக்கன். ஆறுனா ஆரு தின்னுற?

— நானும் வெறுங்கையோட வரல்ல. முகில் வகை எல்லாத்தையும் தெளிவா எழுதி, போட்டோகொப்பி அடிச்சுக்கொண்டு வந்திருக்கன். இதைப் படிச்சா ஒருத்தரும் படத்துக்குக் கண்டபடி பேர் வைக்கமாட்டாங்க.

— கண்டபடி எண்டா? எனக்கா செல்லுறீங்க?

— விஞ்ஞான ரீதியாப் பார்த்தா, தங்கச்சி...

— அல்லாஹ்வே, தொடங்கிட்டாரு! நேரில வந்தும் இதானா? ‘ஆட்டுக்குட்டி மாதிரி மேகம்’ எண்டு நான் ஒரு படம் போட்டா, ‘ஆட்டுக்குட்டி அல்ல, திரள் முகில்’ எண்டு உடனே ஒங்கட பதில் வந்து உழும். ஒரு மனிசிக்கு மேகத்துல ஆட்டுக்குட்டி தெரியக்குடாதா?

— தெரியலாம். ஆனா அந்த ஆட்டுக்குட்டிக்கு நீங்க ஊதாச் சாயம் பூசியிருந்தீங்க. எந்த ஊரில ஊதா வானம்?

— பில்டர் போட்டா வடிவா இரிக்கி. மறுகா என்ன, ஒங்களப் போல ஒரே வயலுக்கு மேல ஒரே சாம்பல் மேகத்த நாளாந்தம் போடச் செல்லுறீங்களா?

— ஒரே முகில் இல்ல. வடிவாப் பாருங்க, ஒவ்வொண்டும் வேற.

— உம்மா, மெதுவாப் பேசுங்க. ரோட்டால போற ஆக்கள் திரும்பித் திரும்பிப் பார்க்குறாங்க.

— பார்க்கட்டும். சேர், கோணாமலைக்கு ஒரு கோல் எடுங்க. வெல்லாவெளியில இருந்து மோட்டச்சைக்கிள்ள வாற எண்டு சென்னாரே.

— எடுத்தன். டயர் காத்துப் போச்சாம்.

— இர்ஷானா ஊட்டுக்கு விருந்தாளியாம். முனாப் நானாக்குக் காய்ச்சலாம். எல்லாம் ஒரே நாளிலயா வரும்?

— இருங்க, இருங்க. இர்ஷானாட ஸ்டேடஸ்ல இப்பதான் ஒரு படம் வந்திருக்கு. இந்தா பாருங்க.

— ‘நமது குழுவின் இன்றைய சிறந்த வானம். படம்: கோணாமலை.’ எந்தக் குழு? நம்மட குறூப்புல இந்தப் படம் வரல்லயே!

— காத்துப் போன டயரோட நிக்கிற மனிசன் எப்ப இந்தப் படத்த எடுத்தவர்?

— நிஸ்றா, நீ என்னத்துக்கு மொகத்தத் திருப்புற? ஒனக்கு என்னவும் தெரியுமா?

— வாங்க உம்மா, ஊட்ட போவம். பொழுது படுகுது.

— பொழுது படுறதப் பார்க்கத்தானே வந்த! செல்லு.

— அவங்க வேற குறூப்பு தொடங்கிட்டாங்க. எல்லாரும் அங்கதான். நோம்புப் பெருநாளுக்குப் பொறகு நம்மட குறூப்புல ஆரு படம் போட்ட? நீங்களும் இந்த சேரும் மட்டுந்தான்.

— மெய்தான், தங்கச்சி. நான் அதைக் கவனிக்கல்ல.

— நான் நெனச்ச, வெயிலுக்கு ஆக்கள் வெளிய வாற இல்ல எண்டு.

— எங்களை ஏன், பிள்ளை, சேர்க்கல்ல?

— காலையில போனத் திறந்தா ஒரு மேகம், அதுக்குக் கீழ ஒங்கட ரெண்டு பேர்ட சண்டை. குறூப்புல இருந்த தனுஷியா அவட கல்யாண நாளண்டு எடுத்த வானத்தப் போட்டா. வாழ்த்து எண்டு ஒரு சொல்லு செல்லல்ல. அது கீற்று முகிலா, கோழி இறகா எண்டு நீங்க ரெண்டு பேரும் பெரிய வழக்கு. அவ அழுதுட்டா, சேர்.

— அது கீற்று முகில்தான்...

— சேர்!

— சரி, சரி. விட்டுட்டன்.

— நிஸ்றா, ஒங்கட வாப்பா மௌத்தாகி நான் இத்தாவில இரிக்கக்குள்ள, நாலு மாசம் பத்து நாள் ஊட்ட உட்டு வெளிய போகாம, எனக்குத் தெரிஞ்ச வானம் கொல்லைக்கு மேல ஒரு துண்டு. அத எடுத்து எடுத்துப் போடத்தான் அந்தக் குறூப்பத் தொடங்கின. ஒனக்குத் தெரியாதா?

— தெரியும் உம்மா.

— எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு மூலையில கூரை ஓடு, மற்ற மூலையில முருங்கைக் கொப்பு.

— அதுக்கு நீங்க ‘படம் தெளிவு போதாது’ எண்டு எழுதினீங்க.

— போதாதுதானே.

— போதாதுதான். ஆனா, சேர், மத்த ஆக்கள் எல்லாரும் ஒரு பூப் படத்தப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க மட்டுந்தான் என்ட வானத்த மெய்யாப் பார்த்த. நாளைக்கு ஒங்களோட என்ன செல்லிச் சண்டை புடிக்கலாம் எண்டு யோசிச்சித்தான் எனக்கு நித்திரையே வந்த.

— இதை நீங்க ஒருநாளும் சொல்லல்லயே, தங்கச்சி.

— நீங்க செல்ல உட்டாத்தானே!

— சரி. அந்தப் புதுக் குறூப்புக்கு ஆர், பிள்ளை, அட்மின்? நான் ஒருக்காப் பேசிப் பார்க்கிறன். தனுஷியாட்ட மன்னிப்பும் கேக்கோணும்.

— நீங்க பேசாதீங்க, சேர். பேசினா அந்த ஆளுக்கும் முகில் வகை படிப்பிக்கப் போவீங்க. நான் பேசுறன், இப்பவே பேசுறன். நிஸ்றா, நம்பரத் தா.

— நம்பர் ஒங்கள்ட்ட இரிக்கி, உம்மா.

— என்னட்டயா? ஆரு? முனாப் நானாவா? இர்ஷானாவா?

— ரெண்டு பேரும் இல்ல.

— மறுகா ஆரு? செல்லு புள்ள. நான் அந்தத் துண்டு வானத்தப் பார்த்துப் பார்த்துத் தொடங்கின குறூப்ப ஆரு ஒடைச்ச?

— நான்தான் உம்மா. எனக்கும் கொஞ்சம் வானம் பார்க்க ஆசையா இருந்திச்சி.