கஞ்சி பூசிய இடம்

கண்காட்சிக்கு நாற்காலிகளை நான்தான் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன், இன்ஸ்பெக்டர். பிள்ளைகள் போட்டால் வரிசை கோணும்.

ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியும் அவள் வகுப்பு மாணவர்களும் சேர்ந்து நடத்தியது அது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் மரவள்ளிக் கஞ்சியால் துணியில் சித்திரம் எழுதி, நீலச் சாயத்தில் முக்குவார்களாம். அதைப் பார்த்து, அவரவர் வீட்டுக் கதையை ஒரு துணியில் எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியை.

பேத்தி பென்சிலால் வரைந்திருந்ததைப் பார்த்தேன். வெளியே தாழிட்ட கதவு. துணி முழுக்க அதே கதவு, பத்தொன்பது தடவை. அவளுடைய அத்தை, அதாவது என் மகள், கடைசியாக இருந்த அறையின் கதவு. ஊருக்கு நாங்கள் சொன்னது விஷக்காய்ச்சல்.

"வேண்டாம்மா, மூடிடு," என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எழுபத்தாறு வயதில் நான் கும்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

"மூடத்தானே போறேன் தாத்தா." என் கண்ணெதிரிலேயே கதவுகளின்மேல் கஞ்சியை அப்பினாள். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கஞ்சி பூசிய இடத்தில் சாயம் ஏறாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திறப்பு விழாவன்று காலை போனால், கருநீலத் துணியில் பத்தொன்பது கதவும் வெள்ளை வெளேரென்று நின்றன. கீழே ஓர் அட்டை: 'அத்தையின் பத்தொன்பது நாள்'. இன்னும் ஒரு மணி நேரத்தில் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அவள் ஏணி உச்சியில் நின்று கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"கழட்டிடு. உங்கப்பன் நாலு பேர் நடுவுல தலை நிமிர வேணாமா?"

"பத்தொன்பது நாள்னு எண்ணிச் சொன்னதே அப்பாதான்."

"என் மானம் போகுதும்மா."

"போனா போகட்டும் தாத்தா. ஏணியைக் கெட்டியாப் பிடிங்க, கூடவே நானும் போயிடப் போறேன்," என்று சிரித்தாள்.

பிடித்தேன். பிறகு இழுத்தேன். கை தவறிவிட்டது என்று முதலில் எழுதிக் கொடுத்தது பொய்.

விழுந்த பிறகும் அவளுக்குப் பேச்சு இருந்தது. யாரையாவது கூப்பிடச் சொன்னாள். துணியை இழுத்து இறக்கி, மடித்து, அட்டையைக் கிழித்த பிறகு கூப்பிட்டேன். அதற்குள் முடிந்திருந்தது.

மகள் விஷயத்திலும் நான் கல்நெஞ்சக்காரனாக இருக்கவில்லை. விரும்பிய அந்தப் பையனை மறந்துவிட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தாழை நீக்கியிருப்பேன். தினமும் கதவருகில் போய் நின்று கேட்டேன். சோறு கேட்டாள், மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு சோறும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இத்தனை பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.