கடல் தாண்டிய தோழி

“எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு, தையற்காரம்மா வீட்டுப் பின்னறையில புதுப் பூட்டு தொங்குறது எப்படித் தெரியும்? சொல்லுங்கக்கா, எப்படித் தெரியும்?”

டீச்சர் போட்ட சத்தத்தில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த உலக வரைபடம் உதிராததுதான் ஆச்சரியம். “எல்லாப் பதிலையும் நீங்களே எழுதியிருக்கீங்க,” என்று கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

அன்றைக்கு நான் மறுக்கவில்லை. உங்களிடமும் மறுக்கப்போவதில்லை, ஐயா. வாக்குமூலத்தை உட்கார்ந்தே எழுதிக்கொள்ளுங்கள், நின்றபடி எழுதினால் எழுத்து கோணும்.

உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை உலகக் குடிமக்கள் ஆக்குவது எங்கள் அறக்கட்டளையின் வேலை. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத பிள்ளைகூட வெளிநாட்டுத் தோழிக்குக் கடிதம் எழுதும், மனசு விரியுமாம். ஒவ்வொரு கடிதத்தையும் படித்துப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. படித்துப் பார்ப்பது விதி. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

பதில் எழுத ஒப்புக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பள்ளி முதல் வருடமே கைவிரித்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் தபாலுக்கு வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும்போது அதை எந்த வாயால் சொல்வது? எனக்கு இளகின மனசு. நாற்பது பேருக்கும் நானே எழுதினேன். பனி பெய்ததாக எழுதினேன். நாய்க்குட்டி வாங்கியதாக எழுதினேன். நடுநடுவே, ‘நேற்று உங்கள் வீட்டில் யார் அழுதது?’ என்றும் கேட்டுவைத்தேன். விசாரிக்காதவள் என்ன தோழி?

தெருவில் என்னைக் கண்டால் “நல்லா இருக்கோம் அத்தை” என்று ஓடுகிற வாண்டுகள், பார்த்தறியாத தோழியிடம் அடுப்படி முதல் அலமாரி வரை கொட்டித் தீர்த்தன. மருந்துக்கடைக்காரரின் இரண்டாம் குடும்பம் அப்படித்தான் என் மேசைக்கு வந்தது.

எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டுத் தையற்காரியின் பின்னறையில் புதுப் பூட்டு கண்ணில் பட்டதும், அவள் மகளிடம் கடிதத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். தோழிக்கு எப்படித் தெரிந்தது என்று பிள்ளை யோசிக்கவில்லை. தானே முன்பு எழுதியிருப்போம் என்று நினைத்திருக்கும். பதில் வந்தது: “அந்த ரூம்ல எங்க துணிய மூட்டை கட்டி வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை அப்பா லாரி எடுத்துட்டுப் போனதும் சித்தி வீட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் அம்மாவ யாரும் அடிக்க முடியாது. உனக்கு மட்டும்தான் சொல்றேன்.”

ஒரு குடும்பம் பிரிவதைக் கைகட்டி வேடிக்கை பார்ப்பவள் அல்ல நான். லாரிக்காரனைக் கடைவாசலில் பார்த்தேன்.

“தம்பி, வெள்ளிக்கிழமை வெளியூர் போகாதீங்க.”

“ஏங்க்கா?”

“சும்மாதான். வீட்டுல மூட்டை கட்டுறாப்ல இருக்கு.”

எங்கே போகிறார்கள், எப்போது என்று கேட்டான். சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லையே.

கத்தரிக்கோலை எடு என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அது அவளுடைய தையல் கத்தரிக்கோல். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை, பாவம். எப்போதும் ஒல்லி உடம்பு. பிள்ளையின் பையிலிருந்த என் கடிதங்கள் டீச்சர் கையில் சிக்கியது அதற்குப் பிறகுதான்.

அவன் இப்போது உங்கள் காவலில் இருக்கிறான். டீச்சர் அடுத்த மாதமே கல்யாணம் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டாள். எங்கள் திட்டத்தில் அவள் ஒருத்தியாவது உலகக் குடிமகள் ஆனாள். பிள்ளையைச் சித்தி அழைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊரையே மாற்றிவிட்டாள்.

புது முகவரி உங்களிடம் இருக்குமே, ஐயா. கொடுத்தால் ஒரு வரி எழுதிப் போடுவேன். தாயில்லாப் பிள்ளை, மனசுவிட்டுப் பேச அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?