ஐம்பதோடு நின்ற வரைபடம்

இந்த வருஷம் பிளம் கேக்கில் முந்திரி கொஞ்சம் தூக்கல்தான், ஆபேல். ஜோவிதா செய்தது என்று சொன்னீர்கள். சர்க்கரை வியாதிக்காரனுக்கு இத்தனை பெரிய துண்டா என்று கேட்க நினைத்தேன். தட்டைக் காலி செய்த பிறகுதான் நினைத்தேன் என்பது வேறு விஷயம். பத்து கிறிஸ்துமஸாகக் கேக்கோடு வருகிறீர்கள். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

அன்று நீங்கள் கை கழுவ உள்ளே போனபோது ஜோவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், வெள்ளத்தன்னிக்கு அம்மா உங்க வீட்டுக்கு எதுக்குப் போனாங்க? அப்பாகிட்ட கேட்டா அழுறாரு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்" என்றாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அம்மா படித்த பிஸிக்ஸே படிக்கிறாள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீங்கள் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பீர்கள், "சார், கஷ்டப்படுத்திக்காதீங்க" என்பீர்கள். உங்கள் சுபாவம் அது. அதனால்தான் கடிதம். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு அவளிடம் கொடுங்கள்.

ஜோவிதாவின் அம்மா ஜோசலினை 'அவள்' என்று எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் எனக்கு அடுத்த அறையில் இருந்த சக ஆசிரியை என்றாலும் என்னை அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தாள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றை இறைத்து எடுத்துவிட்ட ஓர் எஃகுக் கலத்துக்குள் சிறிது ஆவியை விடுவோம். அதன்மேல் எலக்ட்ரான்களை மோதவிடுவோம். அடிபட்ட மூலக்கூறு அயனியாகும். சிலது அடியைத் தாங்கி முழுதாக நிற்கும், சிலது உடையும். உடைந்த துண்டுகளை எடைவாரியாகப் பிரித்து வரைபடம் எடுத்தால் ஒவ்வொரு எடையிலும் ஒரு சிகரம் எழும். அதைப் பார்த்து, மூலக்கூறு எந்த இடத்தில் விட்டது என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

தொண்ணூற்று நான்காம் வருஷம் எனக்கு நாற்பத்து மூன்று என்ற எடையில் ஒரு சிகரம் கிடைத்தது. அந்த மூலக்கூறு அப்படி உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. ஓட்டைப் பம்பையும் பழைய மின்மாற்றியையும் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒருவன் சாதித்துவிட்டான் என்று பேசினார்கள். வேதசிரோமணி என்ற பெயருக்கு அதற்குப் பிறகுதான் ஒரு மதிப்பு வந்தது.

ஆவியே விடாமல் வெறும் கலத்தை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பின்னணி எடுப்பது என்போம். வெறும் கலத்திலும் அதே சிகரம் வந்தால் அது ஆவியுடையது அல்ல. காற்றை இறைக்கும் பம்பின் எண்ணெய் ஆவியாகி உள்ளே ஏறியிருக்கிறது. முதலில் பின்னணி, அப்புறம் ஆவி. அன்றைக்குக் கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் நான் ஆவியை முதலில் ஓட்டிவிட்டேன். பின்னணியை மறுநாள் எடுத்தேன். வெறும் கலத்தில் நாற்பத்து மூன்று அப்படியே நின்றது. கூடவே ஐம்பத்தேழிலும் ஒன்று நின்றது.

நேற்று விட்ட ஆவி கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடக்கக்கூடியதுதான். ஆனால் என் மூலக்கூற்றின் மொத்த எடையே ஐம்பதுக்குள். தேங்காயை உடைத்தால் ஒரு மூடி முழுத் தேங்காயைவிடக் கனக்காது. ஐம்பத்தேழு என்னுடையதாக இருக்கவே முடியாது, அது எண்ணெய். அதோடு சேர்ந்து வந்த நாற்பத்து மூன்றும் எண்ணெய்தான். இது எனக்கு அன்றே தெரியும் என்று சொல்ல மாட்டேன். கலத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஓட்டவில்லை. கட்டுரையில் வரைபடத்தை ஐம்பதோடு நிறுத்தினேன். மூலக்கூறு முடிந்த இடத்தில் வரைபடமும் முடிந்தது. யாரும் கேட்கவில்லை.

இருபத்தோரு வருஷம் கழித்து ஜோசலின் கேட்டாள். தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அதே சோதனையைப் புது மெஷினில் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வரும்போதெல்லாம் ஐம்பத்தேழும் வந்தது. இப்போது நீங்கள் நினைக்கக்கூடும், ஆனால் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. "உங்க கிராஃப்ல அம்பத்தேழு இல்ல சார். என் மெஷின்லதான் அழுக்கு. நீங்க எப்படி அவ்ளோ சுத்தமா வச்சிருந்தீங்கன்னு தெரியணும். உங்க பழைய நோட்டைக் குடுங்க சார்" என்றாள். எட்டு மாதம் கலத்தைக் கழற்றிக் கழுவினாள். அசிட்டோன் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வீட்டில் பாத்திரம் தேய்க்கக்கூட முடியாமல் இருந்தாளே, உங்களுக்கு நினைவிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும்படி சொன்னேன்.

நோட்டு என் முடிச்சூர் வீட்டில் எங்கோ கிடக்கிறது, தேட வேண்டும் என்று நாளைக் கடத்தினேன். அடுத்த ஏப்ரலில் எனக்கு ஓய்வு. மலர் வெளியிடப் போகிறார்கள், லேபுக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்தச் சில மாதங்களை ஓட்டிவிட்டால் போதும் என்றுதான் இருந்தேன். ஒரு மனிதன் முப்பது வருஷம் உழைத்துவிட்டு மரியாதையாக வெளியே போக ஆசைப்படுவதில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் மழையிலேயே முடிச்சூரில் என் வாசல்படி வரை தண்ணீர் வந்துவிட்டது. சர்டிபிகேட்டுகளையும் சில நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு சானடோரியத்தில் என் தங்கை தபீதாள் வீட்டு மாடிக்குப் போய்விட்டேன். ஜோசலின் போன் பண்ணியபோது, அந்த நோட்டு மட்டும் முடிச்சூரிலேயே தங்கிவிட்டது என்றேன். அவளாக விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். நீங்கள் கிண்டி ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். குழந்தையைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டிருந்தாள். "ஏரி உடைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க சார். உங்க நோட்டு நனைஞ்சிரும். ரெண்டு தெருதானே, கங்கம்மா அக்காகிட்ட சாவி வாங்கி எடுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். நான் போகச் சொல்லவில்லை, ஆபேல். "பாத்துப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இதுவரை ஓரளவு உங்களுக்கும் தெரியும். எதிர்வீட்டு மாடியிலிருந்து சாவியைத் துணியில் கட்டிப் போட்டதாகக் கங்கம்மா சொன்னார். தெரியாதது இனிமேல் வருவது. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"ஹால் அலமாரில இல்ல சார். தண்ணி முட்டிக்கு மேல வந்துருச்சு. கங்கம்மா அக்கா வெளிய வரச் சொல்லிக் கத்துறாங்க. விட்டுட்டு வந்துரட்டுமா?"

என்னிடம்தான் கேட்டாள். வந்துவிடுங்கள் என்றிருந்தால் வந்திருப்பாள். நான் யோசித்தேன், அதிக நேரம் இல்லை, மூச்சு ஒன்றிரண்டு விடும் நேரம். பின் அறையில் ஒரு ஸ்டீல் பீரோ இருந்தது. அதைத் திறக்காமல் அவள் திரும்பிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக வந்து அதைத்தான் திறப்பாள். பூட்டிய பீரோவுக்குள் நோட்டு கரைந்து போகாது. அங்கே நோட்டே இல்லை என்று தெரிந்துவிடும். அன்றைக்கே திறந்துவிட்டால் வெள்ளம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். அப்புறம் எது இருந்தது, எது போனது என்று யார் சொல்ல முடியும்?

"பின் ரூம் பீரோல பாத்தீங்களாம்மா? நீல ரெக்சின் அட்டை. சாவி கதவுலயே தொங்கும்" என்றேன்.

"சரி சார்" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னாள். கிடைத்துவிடும் என்று நம்பினாள்.

அந்த அறைக்கதவு ஹால் பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. ஹாலில் தண்ணீர் ஏறினால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் அசையாது. ஜன்னலுக்குக் கிரில் போட்டது நான்தான், திருட்டு பயத்தில். பிஸிக்ஸ் வாத்தியாருக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் கதவைப் பற்றி நான் நினைக்கவில்லை. பீரோவைப் பற்றித்தான் நினைத்தேன்.

பிறகு அவள் எண் கிடைக்கவில்லை. உங்கள் எண் என்னிடம் இருந்தது. தீயணைப்பு நிலையத்து எண்ணும் பேப்பரில் போட்டிருந்தார்கள். நீங்கள் பதறிப்போவீர்கள் என்று கூப்பிடவில்லை. தபீதாள் காபி கொண்டுவந்தாள். குடித்தேன்.

அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னீர்கள். ஆராய்ச்சிக்காக உயிரையே கொடுத்தவள் என்று பேசினேன். அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்கும் யாராவது அசிட்டோன் பாட்டிலைத் திறந்தால் என்னால் அந்த அறையில் நிற்க முடிவதில்லை. கல்லறையில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க மனசு விட்றாதீங்க. அவ உங்கள அப்பான்னுதான் சொல்லுவா" என்றீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை உங்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்தச் சமயத்தில் அதையும் உங்கள் தலையில் ஏற்றுவது இரக்கமில்லாத காரியமாகப் பட்டது.

லேபுக்கு என் பெயர் வேண்டாம், ஜோசலின் பெயரை வையுங்கள் என்று நான்தான் சொன்னேன். வைத்தார்கள். என் கட்டுரையை இப்போதும் வெளியூரில் யாராவது மேற்கோள் காட்டுகிறார்கள். இப்போது ஜோவிதா, அம்மா விட்ட வேலையைத் தான் முடிக்கப் போவதாகச் சொல்கிறாள். அவளும் விரல் வெடிக்கக் கலத்தைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதினேன்.

நீங்கள் போலீசுக்குப் போவதானால் போங்கள். நான் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. ஆனால் அந்த நோட்டு வீட்டில் இல்லை என்று தெரிந்தே அவளைப் பின் அறைக்கு அனுப்பினேன். அவள் இரண்டாவது முறை கூப்பிட்டபோது அது என் மடியில்தான் இருந்தது. ஐம்பத்தேழு நிஜமாகவே இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டேதான் அவளோடு பேசினேன்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஜோவிதாவிடம் கொடுங்கள். அட்டையில்கூட ஒரு சொட்டு ஈரம் படவில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். பின்னணி எடுத்த அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து எரித்துவிட்டேன். இதற்காகவா அம்மா போனாள் என்று பார்த்தால் பிள்ளை மனசு தாங்காது.