அவர் ஃபோல்டரில் என் நிரல்

ஒரு கம்ப்யூட்டர் நிரல், தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்ல பழக்கம், சார். பக்கத்திலிருக்கும் அட்டவணையை அது வேறெப்படித் தேடும்?

நான் எழுதிய மொழியில் அதற்கு நேர்வழி கிடையாது. முழு அட்டவணையையும் ஒரே வரியில் பெருக்கித் தள்ளும் மொழி. சொந்த முகவரியைக் கேட்டால் மட்டும் முழிக்கும். நிரலுக்குள் இருக்கும் ஒரு பெயரைக் காட்டி, இது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். அந்த வரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு மருந்தளவு சொல்லும் நிரல் அது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். "எம் பொண்ணு போட்ட கணக்குலதான் அங்க புள்ளைங்களுக்கு மருந்தே குடுக்கறாங்க" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த நிரலுக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். பரிசு வாங்க மேடையேறியது என் ஆபீஸ் சீனியர். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். நிரலைத் தன் ஃபோல்டருக்கு நகலெடுத்து, தலையில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

"ஏண்ணா இப்படி?" என்றேன்.

"மேடையில நாலு வார்த்தை கோர்வையா பேசுவியா நீ? அண்ணன் வாங்கினா தங்கச்சி வாங்கின மாதிரிதானே."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு ஒரு திருத்தம் கேட்டார். செய்தேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: நிரல் இருக்கும் பாதையில் என் ஃபோல்டரின் பெயர் இல்லையென்றால் அளவை இரட்டிப்பாக்கு. எங்களிடம் சோதனையெல்லாம் என் ஃபோல்டரில்தான் நடக்கும். தேறியதும் அவர் தன் ஃபோல்டருக்கு அள்ளிக்கொண்டு போவார்; வார்டில் ஓடுவது அந்த நகல்தான். திறந்து பார்க்கும் வழக்கமில்லை.

வார்டிலிருந்து நர்ஸ் அக்கா போன் செய்தார்.

"ஏம்மா, ஜன்னலோரப் பாப்பாவுக்கு அளவு ஜாஸ்தியா காட்டுதே. சரிதானா?"

"அது அண்ணாவோட புரோகிராமாச்சே அக்கா. அவரையே கேளுங்க."

"அவர் போனே எடுக்கலியே."

எடுக்க மாட்டார். வேறொரு மேடையில் பேசிக்கொண்டிருந்தார்; எனக்குத் தெரியும்.

"சரி, மெஷின் சொன்னா தப்பாவா இருக்கும்" என்று அக்காவே சமாதானமாகி வைத்துவிட்டார். நானும் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தப் பாப்பா மதியமே போய்விட்டது.

அந்த வரியை எழுதியவள் நான்தான், தெரிந்தேதான் எழுதினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் நிரலைக் குறை சொல்லாதீர்கள், சார். என் ஃபோல்டரில் வைத்து ஓட்டிப் பாருங்கள், அந்தப் பாப்பாவுக்குச் சரியான அளவைத்தான் சொல்லும். கொன்றது அவருடைய நகல்.